நாற்பத்து மூன்று பெயர்களும் சல்கினாயும்

சல்கினாய்க்குக் கோபம் வர வெளியிலிருந்து காரணம் எதுவும் வரவேண்டியதில்லை. பார்க்கிற வேலையே போதும். நரின் என்கிற இந்த மத்திய ஆசிய மலையூரில் எங்கள் உள்ளூர் வானொலியில் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை வாழ்த்தும் பாட்டும் அவள் பொறுப்பு. பதினெட்டு வருடமாக அவள்தான். பிறந்தநாள், கல்யாணம், குழந்தைக்குத் தொட்டில் கட்டியது, பையன் ராணுவத்திலிருந்து திரும்பியது, மாமியார் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தாள் தாளாக வரும். ஒவ்வொரு தாளிலும் வாழ்த்து இரண்டு வரி இருக்கும், வாழ்த்துகிறவர்களின் பெயர் ஒன்றரைப் பக்கம் இருக்கும்.

"ஒருத்தர் எழுபது வயசு வரைக்கும் உயிரோட இருக்கார். நல்ல விஷயம்தான். அதுக்கு எதுக்கு என் தொண்டை கட்டணும்?" என்பாள், வெண்ணெய் போட்ட உப்புத் தேநீரை உறிஞ்சியபடி. பக்கத்து வீட்டில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறவன் என்பதால் இந்தப் புலம்பலை வேலிக்கு மேலாக நான் தினமும் கேட்பேன். வயதில் மூத்த சித்தப்பாவை இளையவருக்குப் பின்னால் வாசித்துவிட்டாள் என்று ஒரு குடும்பம் நிலையத்துக்கே வந்து சண்டை போட்டது. ஒரு பெண்மணி தன் பெயரை மட்டும் அவள் வேகமாக வாசித்ததாகச் சொல்லி மூன்று வருடமாகப் பேசுவதில்லை. அப்புறம் பாட்டு. அம்மாவைப் பற்றிய அந்த ஒரே பாட்டைத்தான் எல்லோரும் கேட்பார்கள். "இந்த ஊர்ல அப்பாவே கிடையாதா? எல்லாம் அம்மா வயித்துல இருந்து தானா குதிச்சதா?" என்று மைக்கை அணைத்துவிட்டுக் கத்துவாள்.

ஒரு பெயர் மட்டும் அவள் வாயிலிருந்து வராது. இமானாலி. அது மாமனார் பெயர். இங்கே மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லமாட்டாள். கணவன் வீட்டில் மூத்தவர் யார் பெயரையும் சொல்லமாட்டாள். அடையாளத்துக்கு அவளாகவே ஏதாவது ஒரு பட்டம் வைத்துக்கொள்வாள். வேறு ஊர் இமானாலிக்கு வாழ்த்து வந்தாலும் அதே கதைதான். அந்த இடத்தில் சல்கினாய் நிறுத்துவாள், ஒலிப்பதிவுக்காரர் எமில் தன் கரகரத்த குரலில் "இமானாலி" என்பார், அவள் தொடர்வாள். நேயர்களுக்கு அது பழகிவிட்டது. பெயர் வராமல் ஒரு கணம் அமைதியானால் கடைத்தெருவில் இருப்பவர்களே "இமானாலி!" என்று எடுத்துக் கொடுப்பார்கள்.

போன செப்டம்பரில் அந்த மாமனாருக்கே எழுபது வயது முடிந்தது. குதிரை அடித்து விருந்து. முற்றத்தில் இரண்டு கூடாரம் போட்டு, நூறு பேருக்கு மேல் கூடியிருந்தோம். மூத்த மகன் ஷார்ஷென் தன் மினிபஸ்ஸை வேலியோரம் நிறுத்தி, கதவுகளைத் திறந்துவைத்து, ரேடியோவை உச்சத்தில் வைத்திருந்தான். ஒன்றரை மணிக்குக் குடும்பத்தின் வாழ்த்து வரும், எல்லோரும் சேர்ந்து கேட்பது என்று ஏற்பாடு. இளைய மருமகள் சல்கினாய் மட்டும் அங்கே இல்லை. அவள் வேலையில் இருந்தாள்.

"கேரட் நறுக்க ஆள் இல்லாதப்ப மட்டும் அவளுக்கு வானொலி வந்துடும்," என்று அவளுடைய ஓரகத்தி அனார்கான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஷார்ஷெனின் மனைவி. வாழ்த்துத் தாளை எழுதியதும் அவள்தான்.

நிலையத்தில் நடந்ததை எமில் பின்னால் என்னிடம் சொன்னார். அந்த ஒரு தாளை முழுவதும் எமிலே வாசிப்பதாகத்தான் முதலில் பேச்சு. பட்டியலின் தலையில் இருக்கிற அத்தனை பேரும் சல்கினாய் பெயர் சொல்லக்கூடாத ஆட்கள். எமில் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, பழக்கதோஷத்தில் அவள் தாளை வாங்கி விரலால் பெயர்களை எண்ணினாள். நாற்பத்து மூன்று. மறுபடி எண்ணினாள். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை.

"என்னம்மா, எழுத்து புரியலையா?" என்றார் எமில்.

"நல்லாவே புரியுது. எங்க மூத்தாரும் ஓரகத்தியும் இருக்காங்க. எங்க வீட்டுக்காரர் இருக்கார். எம் புள்ளைங்க ரெண்டு பேரும் இருக்காங்க. பதினோரு நாள் குழந்தை, இன்னும் பேரே வைக்கல, அதுவும் இருக்கு. மாஸ்கோவுல வேலை பார்க்கிற மருமகனோட அறைத்தோழன் இருக்கான். அட, பக்கத்து வீட்டு இந்தியாக்காரன் இருக்கான்யா! நான் எங்க?"

நான் நாற்பத்தோராவது பெயர். இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதே அவள் அனார்கானுக்குப் போன் போட்டாள். அனார்கான் அடுப்படியிலிருந்து பேசினாள். அனார்கான் பேசியதை மட்டும் நான் கூடாரத்துக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"உன் பேரு எதுக்குடி? நீதானே வாசிக்கிற! கடுதாசி கொண்டு வர்ற தபால்காரன் அதுல தன் பேரையும் சேர்த்து எழுதிக்கிறானா?"

அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ பதில்.

"ஐயோ, மறந்துட்டேன், விடு. வேணும்னு பண்ணதா? பட்டியல் எழுதும்போது எல்லார் முகமும் ஞாபகம் வந்துச்சு, உன் முகம் வரல. உன்னை நெனச்சா ரேடியோதான் ஞாபகம் வருது, நான் என்ன பண்ண? சரி, கறி தீயுது, வெக்கிறேன்."

போனை வைத்ததும் சல்கினாய் தாளை எமிலிடம் திருப்பிக் கொடுத்தாளாம். பதினெட்டு வருடம் ஊரில் இருக்கிறவன், இல்லாதவன் எல்லாப் பெயரையும் வாசித்த வாய். தன் பெயர் விடுபட்டதென்று மூக்கைச் சிந்திக்கொண்டு வந்த எத்தனையோ பேரை "அட, ஒரு பேரு, இதுக்குப் போயா?" என்று அவளே சமாதானம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பட்டியலில் தானாகவே ஒரு பெயரைச் சேர்த்து வாசிக்கவும் முடியாது. தாளில் இருக்கும் பெயர் மட்டும்தான் காற்றில் போகவேண்டும் என்பது நிலையத்தின் விதி. அந்த விதியை ஊர் முழுவதற்கும் ஒப்பித்துக்கொண்டிருந்தவளே அவள்தான்.

"குடுங்க," என்றாள் எமிலிடம். "நானே வாசிக்கிறேன்."

"பேரு சொல்ல மாட்டியேம்மா?"

"சொல்ல மாட்டேன். அதான் வாசிக்கிறேன்."

ஒன்றரை மணி. முற்றத்தில் தட்டுச் சத்தம் அடங்கியது. கிழவர் இமானாலி பந்தியின் தலைப்பக்கத்தில் மெத்தை விரிப்பில் உட்கார்ந்து தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். மினிபஸ்ஸிலிருந்து சல்கினாயின் குரல் வந்தது. எப்போதும் போலத் தேன் தடவிய குரல்தான். அதனால்தான் முதல் இரண்டு வரிக்கு யாருக்கும் விஷயம் பிடிபடவில்லை.

"இன்னைக்கு எழுபது வயசைத் தொடுறவர் எங்க மாமனார். பேரை நான் சொல்ல முடியாது, நான் இந்த வீட்டு மருமகள். ஆனா காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு இந்த நிகழ்ச்சியைத் தினமும் கேட்டுட்டு, 'இவ ஏன் கத்துறா'ன்னு கேக்கிறவர் யாருன்னு நம்ம தெருவுக்கே தெரியும். அவருக்கு நீண்ட ஆயுசு! வாழ்த்துகிறவர்கள்..."

கிழவர் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குதிரை மேலேயே தூங்கிப்போய் அடுத்த பள்ளத்தாக்குல கண் முழிச்ச எங்க சின்ன மாமனார். பல் செட்டைச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டு வீடு பூரா தேடுற எங்க கடைசி மாமனார். இவங்க பேரும் நான் சொல்லக்கூடாது, நேயர்கள் மன்னிக்கணும்."

முதல் சிரிப்பு கிழவிகள் பக்கமிருந்து வெடித்தது. கடைசி மாமனாரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"அடுத்து எங்க மூத்தார். கிராமசபைத் தேர்தல்ல நின்னவர். வீட்டுல பதினோரு ஓட்டு இருந்தும் ஒன்பது வாங்கினவர். அவரோட மனைவி, என் ஓரகத்தி. எனக்கு மூத்தவங்க, அதனால அவங்க பேரையும் சொல்ல வாய் வரல. சூப்புல உப்பையும் பட்டியல்ல ஆளையும் போட மறக்கிறவங்கன்னு சொன்னா போதும். அப்புறம் எங்க வீட்டுக்காரர். அவரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதா இல்ல, ராத்திரி வீட்டுக்குப் போகணும்."

இதற்குள் முற்றம் முற்றமாக இல்லை. ஒருவர் தேநீர் புரையேறி இருமினார். "ஒன்பது ஓட்டு!" என்று யாரோ கூடாரத்துக்குள்ளிருந்து கத்தினார். ஷார்ஷென் காது மடல் வரை சிவந்து ரேடியோவை அணைக்க மினிபஸ்ஸை நோக்கி ஓடினான். "தொடாதே!" என்றார் கிழவர். அவன் அப்படியே நின்றான். சல்கினாயின் கணவன் தாலாய், குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பால் இருந்த கிண்ணத்தால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

எனக்கு ஊரான் வீட்டுச் சண்டையில் நம் பெயரும் இருக்கிறதே என்ற கவலை. என் முறை வந்தது. "நாற்பத்தொண்ணாவதா, பக்கத்து வீட்டு இந்தியாக்காரர். இவர் பேரு பட்டியல்ல இருக்கு, பாருங்க," என்று சொல்லி என் பெயரைத் தெளிவாக, ஒரு எழுத்து பிசகாமல் வாசித்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டரை மணிக்கு அவள் வந்து சேர்ந்தாள். தலைமுண்டு சரியாகக் கட்டியிருந்தது. முகத்தில் தூக்கமின்மை, களைப்பு, கோபம் மூன்றும் இருந்தன. மாமனாருக்கு முன்னால் முறைப்படி குனிந்து வணங்கினாள். அதற்காகவே காத்திருந்த ஷார்ஷென் முன்னால் வந்தான்.

"நூறு பேருக்கு முன்னாடி என் மானத்தை வாங்கிட்டே! இப்பவே எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேளு."

"என்ன தப்பு பண்ணேன் அத்தான்? உங்க பேரைச் சொல்லியிருக்கணுமா?"

அவன் ஆமாம் என்று சொன்னால், மாமனார் பெயரையும் சொல்லியிருக்கலாம் என்று ஆகிவிடும். கிழவிகள் தலையை ஆட்டி, "பொண்ணு மரியாதை தெரிஞ்சவ. பேரே சொல்லலியே," என்றார்கள்.

"பேரு சொல்லி வாசிக்காதது வாழ்த்தே இல்ல!" என்று அவன் வேறு வழியில் வந்தான். "நாளைக்குத் திரும்ப வாசிக்கணும். தாளுல இருக்கிறபடி. நாற்பத்து மூணு பேரையும்."

"நாற்பத்து நாலு," என்றாள் சல்கினாய்.

"நாற்பத்து மூணு. என் பொண்டாட்டி எண்ணிப் பார்த்துதான் எழுதினா."

"பதினொரு நாள் பச்சப்புள்ளைய எண்ணினாங்க. இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டு ரொட்டியைச் சுடுறவளை எண்ணல. ஊர்ல யாரு பேரு விட்டுப்போனாலும் எங்கிட்ட வந்து சண்டை போடுறாங்க. எம் பேரு விட்டுப்போனா நான் யார்கிட்ட போய்ச் சண்டை போடுறது? எங்கிட்டயேவா?" குரல் இப்போது தேன் தடவியதாக இல்லை, கூடாரத்தின் கடைசி வரைக்கும் போனது. "எல்லாருக்கும் என் குரல் வேணும். பாட்டு வேணும். ஆளு வேண்டாம்!"

கிழவர் இமானாலி ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து, மென்று, விழுங்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

"எழுதினது யாரு?" என்றார்.

"நான்தான் மாமா," என்றாள் அனார்கான், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. "மறந்துபோச்சு. வேணும்னு இல்ல."

"தெரியும். வேணும்னு பண்ணியிருந்தா அவளுக்கு இவ்வளவு கோபம் வராது. பேனா இருக்கா யார்கிட்டயாவது?"

என்னிடம் இருந்தது. கொடுத்தேன். தாள் சல்கினாயின் கைப்பையில் இருந்தது. அனார்கான் தாலாயின் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்து வெற்றிடத்தில், நெருக்கியடித்து எழுதினாள்.

"இப்ப நீயே வாசி," என்றார் கிழவர். "எல்லாரும் கேக்கட்டும். பேரோட வாசி. பேரில்லாம வாசிச்சா வாழ்த்தே இல்லைன்னு உன் வீட்டுக்காரன்தானே சொன்னான்?"

அனார்கான் எழுந்து நின்றாள். தாளைப் பிடித்தாள். முதல் பெயரைப் பார்த்து உதட்டைக் குவித்தாள், அப்படியே நின்றுவிட்டாள். அவளும் இந்த வீட்டு மருமகள்தானே. இமானாலி என்று எப்படிச் சொல்வாள்? விரல் ஒரு வரி கீழே இறங்கியது: சின்ன மாமனார். அதுவும் ஆகாது. அடுத்தது கடைசி மாமனார். அடுத்தது தன் கணவன். கிழவிகள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் பெயர் இருந்தது, ஆனால் பட்டியலைத் தன்னிலிருந்தே தொடங்க எந்த மானமுள்ளவளுக்கு மனசு வரும்? அடுத்தது கொழுந்தன் தாலாய். அவனை இத்தனை வருடமும் 'சின்னவர்' என்றே கூப்பிட்டுப் பழகியவள். சிவந்துபோய், விரலை இன்னும் ஓர் அங்குலம் நகர்த்தினாள். அங்கே மை இன்னும் காயாமல் இருந்தது. வயதில் இளையவள், முறையில் இளையவள். எந்தத் தடையும் இல்லை.

"சல்கினாய்," என்றாள் அனார்கான், தாளைப் பார்த்தபடி.

சல்கினாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கோபம் இன்னும் இறங்கவில்லை.

"சத்தம் பத்தலக்கா," என்றாள். "அந்தக் கூடாரத்துக்குக் கேக்கல. தாளை வாய்க்கு முன்னாடி பிடிக்காதீங்க. இன்னொரு தடவ வாசிங்க."