இரண்டு வலக் கைகள்

பேருந்தில் இடம் கிடைத்ததும் அவர் இரு சுட்டுவிரல்களையும் மடியை நோக்கிக் கவிழ்த்துச் சுழற்றத் தொடங்கிவிடுவார். வலது விரல் சுழலும் பக்கமே இடது விரலும் சுழல வேண்டும். சிறிது நேரம் சுழலும். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், இடது விரல் கண்ணாடிப் பிம்பம்போல் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். “மறுபடியும் கட்சி மாறிட்டியா?” என்று விரலையே அதட்டுவார். பக்கத்து இருக்கைக்காரர் மெல்ல ஜன்னலோரம் ஒதுங்கிக்கொள்வார்.

அவர் சைகைமொழி பெயர்ப்பாளர். நீதிமன்றம், மருத்துவமனை, வங்கி என்று காது கேளாதோர் போகுமிடமெல்லாம் உடன் போவது அவர் தொழில். வேலை நாளில் மோதிரமோ வளையலோ அணியமாட்டார். பூப்போட்ட துணி உடுத்தமாட்டார். பார்ப்பவர் கண் கையைவிட்டு நகரக் கூடாது. பாத்திரம் துலக்கிக்கொண்டே பேசுவதும் அவருக்கு வராது. வாயோடு கையும் சேர்ந்து பேசும் என்பதால், ஒரு சொல் சொல்வதற்கும் தட்டைக் கீழே வைத்தாக வேண்டும். “நீ பேசி முடிக்கிறதுக்குள்ள தொட்டித் தண்ணி காலியாயிடும்” என்பார் கணவர்.

இம்முறை வாய்த்த வேலை கருந்துளைகளைப் பற்றியது. அறிவியல் கூடத்தில் பெண் ஆய்வாளர் ஒருவர் காது கேளாதோருக்காகவே உரையாற்றவிருந்தார். முதல் வரிசையில் பெயர்ப்பாளரின் அண்ணனும் உட்காருவார். பிறவியிலேயே காது கேளாதவர். கடைசல் பட்டறையில் உழைத்துத் தங்கையைக் கல்லூரிவரை படிக்கவைத்தவர். இரு கருந்துளைகள் மோதிய படத்தைச் செய்தித்தாளில் கண்டதிலிருந்து அவர் கை ஓயவேயில்லை. “மோதுனா ரெண்டும் நின்னுதானே போகணும்? அப்புறமும் ஏன் சுத்துது? படிச்சவதானே நீ, சொல்லு!” என்று சைகையிலேயே தங்கையைக் குடைந்தெடுத்தார்.

தங்கைக்குத் தெரியவில்லை. “எனக்கு எல்லாம் குடுத்தவரு. இந்த ஒண்ணையாவது நான் அவருக்குச் சரியாக் குடுத்துடணும்” என்று கணவரிடம் சொல்லிவிட்டு, முன்கூட்டியே ஆய்வாளரிடம் போய்ப் பாடம் கேட்டு வந்தார். கருந்துளைகள் மோதுவதற்குமுன் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. இணைந்தபின் அந்தச் சுற்றின் பெரும்பங்கு புதிய கருந்துளையின் தற்சுழற்சியாகிவிடுகிறது. இரண்டும் முன்பே அதே பக்கம் சுழன்றுகொண்டிருந்தால் புதியது இன்னும் விரைந்து சுழலும். எதிர்ப்பக்கம் சுழன்றிருந்தால் வேகம் மட்டுப்படும். அன்று தொடங்கியதுதான் பேருந்துப் பயிற்சி.

உரையன்று அந்த இடம் வந்தது. இரண்டும் ஒரே பக்கம் சுழல்வதாக ஆய்வாளர் விவரித்தார். அண்ணனின் புருவம் சுருங்குவதைக் கண்டு பெயர்ப்பாளர் தம் கைகளைக் குனிந்து பார்த்தார். இடது விரல் எதிர்ப்பக்கம் சுழன்றுகொண்டிருந்தது. பேசுபவரை இடைமறிப்பது அவர் தொழிலில் வழக்கமில்லை. ஆனாலும் கையை உயர்த்திவிட்டார்.

“மன்னிக்கணும்மா, தப்பாக் காட்டிட்டேன். இந்த இடது கை சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது.”

ஆய்வாளர் முகம் சுளிக்கவில்லை. தம் விரல்களைச் சுழற்றிப் பார்த்தார். “அட, எனக்கும்தான் கேக்கல!” என்று சிரித்தவர், ஒலிவாங்கியை மேசைமேல் வைத்தார். “அத விடுங்கக்கா. உங்க வலது கை ஒண்ணு, என் வலது கை ஒண்ணு. வாங்க.”

இருவரும் வலது விரலைத் தலைக்குமேல் உயர்த்திச் சுழற்றினார்கள். விரல்கள் சுழன்ற பக்கமாகவே ஒருவரையொருவர் சுற்றி நடந்தார்கள். வட்டம் குறுகியது; நடை ஓட்டமாயிற்று. ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். அரங்கில் தோள்கள் குலுங்கின. கடைசியில் இரு விரல்களும் கொக்கிபோல் கோத்துக்கொண்டு ஒன்றாகி, முன்னிலும் விரைவாகச் சுழன்றன.

மூச்சு வாங்க நின்ற பெயர்ப்பாளர் நன்றி சொல்ல வாய் திறந்தார். கை முந்திக்கொண்டது, மோவாயைத் தொட்டு ஆய்வாளரை நோக்கித் தாழ்ந்தது. பிறகுதான் அண்ணனைத் தேடினார்.

முதல் வரிசையில் அவர் உட்கார்ந்திருக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் வலக் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தி, தம் விரலைச் சுழற்றியபடி அவரைச் சுற்றி நடக்கத் தொடங்கியிருந்தார்.