எந்த ஷாஃப்ட்?

அம்மாவின் குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையைச் செருகிக்கொண்டிருந்தாள் சங்கமித்ரா. அம்மா ரஞ்சிதம் இடுப்பெலும்புக்கு அறுவை சிகிச்சை முடிந்து கிடந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். அந்தப் பெங்களூர் அல்சூர் வீட்டில் புரட்ட வேறு ஆள் இல்லை.

கட்டிலருகே கம்ப்யூட்டர் திறந்திருந்தது. செயற்கைக்கோள் அளவுகளை வைத்து, நிலம் எங்கே புடைத்தது, அடியில் என்ன நடந்திருக்கும் என்று கணக்கிடுவது சங்கமித்ராவின் வேலை. மூன்று வாரமாக எங்கோ ஒரு தீவு நாளுக்கு நூறு முறை நடுங்கியது. தரை ஆறு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. காலி செய்து போன ஜனங்கள், வீடு திரும்பலாமா என்று காத்திருந்தார்கள்.

தீவுக்கு நேர் கீழே நெருப்புக் குழம்பு திரண்டிருந்தால் திரும்பக் கூடாது. பக்கவாட்டில் ஓடி, தொலைவில் கடலடிப் பாறையைப் பிளந்திருந்தால் திரும்பலாம். இரண்டையும் கணக்கில் ஓட்டினாள். இரண்டுமே பொருந்தின. செயற்கைக்கோளுக்குக் கடலடி தெரியாது. மற்ற கருவிகளும் தீவின் மேல்தான். எங்கே தப்பு விட்டோம் என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

வைட்ஃபீல்ட் ஆபீசிலிருந்து மேலாளர் கோதண்டராமன் போனில் கூப்பிட்டார்.

“மேடம், ரெண்டு பதில் குடுத்தா சிரிப்பாங்க. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குள்ள ஒன்னு அனுப்புங்க. கடல்னே போட்டுருங்களேன்.”

“எதை வெச்சு சார் போடறது?”

“உங்க அனுபவத்த வெச்சுதான்.”

அவர் வைத்ததும் அம்மா கேட்டாள்: “எந்த ஷாஃப்ட்டாம்?”

கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் பாறை வெடித்து வீட்டுப் பாத்திரம் உருண்டால், பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து கேட்கும் கேள்வி அது. எந்தக் குழியில் இறங்கியவர்கள் மாட்டினார்கள் என்று. சங்கமித்ராவும் அங்கே பிறந்தவள்தான். நடுக்கம் என்றால் ஓர் இடம் இருந்தே தீரும் என்று தேடிப் பழகியவள்.

“ஷாஃப்ட் இல்லம்மா. தீவு. இல்ல, கடல். புரியல.”

“அன்னிக்கு சுரங்க கேட்டுல நின்ன ஒருத்தனுக்கு நல்லாப் புரிஞ்சிச்சு. ‘உங்க ஷாஃப்ட் இல்லக்கா, போ’ன்னான். வந்து கருவாட்டுக் கொழம்பு வெச்சேன். உங்கப்பன ஸ்ட்ரெச்சர்ல தூக்கியாந்தப்போ கொதிச்சிக்கிட்டே இருந்திச்சு.”

“தெரியும்மா. கையத் தூக்கு, சட்டை மாத்தணும்.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு இரண்டு கணக்கின் படங்களையும் ஒரே பக்கத்தில் வைத்தாள். மேலே எழுதினாள்: ‘இருக்கும் அளவுகளை வைத்து எது என்று சொல்ல முடியாது. கடலடித் தரையும் உயர்ந்ததா என்று பார்க்க அங்கே அழுத்தமானி இறக்குங்கள். அதுவரை யாரையும் ஊருக்குள் விடாதீர்கள்.’

கோதண்டராமனிடமிருந்து உடனே பதில் வந்தது: ‘எதுதான் மேடம்?’

‘தெரியவில்லை சார்’ என்று அனுப்பிவிட்டு, மணியைப் பார்த்து, அம்மாவை நல்ல இடுப்புப் பக்கமாகப் புரட்டினாள்.