ரெமி அக்காவின் ‘சிகூரோ’

சென்ற வியாழக்கிழமை காலை லோறன்ஸ் வீதியில் பஸ்ஸுக்காக நின்றபோது, என்னோடு வேலை செய்யும் சுகந்தி தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணை, ரெமி அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா. காலமை எழும்பேல்லையாம்.”

பஸ் வந்தது, ஏறினேன். ரெமி அக்கா பராமரிக்கும் முதியவர்களின் அறைகளையும் அன்று சுகந்தியும் நானுமாகப் பார்த்து முடித்தோம்.

வெக்ஸ்போர்ட்டில் உள்ள எங்கள் முதியோர் இல்லத்தில் வேலை செய்த தமிழர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். ரெமெடியோஸ் என்ற பிலிப்பைன்ஸ்காரரை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டும் வேலையில் பதினொரு வருடம் என்னோடு ஒரே மாடியில் இருந்தவர். ‘அக்கா’ என்று கூப்பிடத் தொடங்கியது சுகந்தி. பிறகு அதுவே எல்லோருக்கும் பெயராகிவிட்டது.

நான் சேர்ந்த முதல் வாரம், சாப்பாட்டு அறையில் சுகந்தியிடம், “உந்த மேசைக்குக் கீழை என்ரை சப்பாத்து கிடக்கு, எடுத்துத் தாரும்” என்றேன். பக்கத்தில் இருந்த ரெமி அக்கா திரும்பிப் பார்த்தார். “மேசா? சபாத்தோஸ்? எங்கள் பாஷை உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்களுக்கு அந்தச் சொற்கள் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை, அவர்களுக்கு ஸ்பானியரிடமிருந்து. சமையலறையை நாங்கள் சொல்லும் குசினிக்கு அவர் குசினா என்றார், நீள இருக்கையான வாங்குக்குப் பாங்கோ. “உங்களிடம் வந்தவர்களும் எங்களிடம் வந்தவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்கள். அதுதான் ஒரே சாமான்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்” என்று சிரித்தார். மணி சொல்வதும் விலை சொல்வதும் ஸ்பானிய எண்களில், பிள்ளைகளை எண்ணுவது மட்டும் தங்கள் எண்களில் என்றும் சொன்னார். ஸ்பானிய ஆளுநர் ஒருவர் பட்டியல் வைத்துக் குடும்பப் பெயர்களைப் பங்கிட்டதால், அவருடைய ஊரில் பெரும்பாலும் எல்லோருடைய பெயரும் ஒரே எழுத்தில்தான் தொடங்குமாம்.

எங்கள் மாடிக்கு சிலி நாட்டிலிருந்து வந்த இனேஸ் என்ற மூதாட்டி ஒருவர் சேர்ந்தார். மறதி நோய் அவருடைய ஆங்கிலத்தை முழுதாக எடுத்துவிட்டது, ஸ்பானியம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஸ்பானியம் பேசுவாயா என்று மேற்பார்வையாளர் ரெமி அக்காவிடம் கேட்டார். “பேசத் தெரியாது. ஆனால் கரண்டி, சவர்க்காரம், ஜன்னல் எல்லாம் தெரியும்” என்றார். அந்தச் சொற்களை வைத்தே இனேஸைக் குளிக்கவும் சாப்பிடவும் வைத்தார்.

ஒரு நாள் காலை இனேஸ், மகன் இன்று வருவானா என்று கேட்டிருக்கிறார். ரெமி அக்கா “சிகூரோ” என்றார். அவர்கள் மொழியில் அதற்கு ‘இருக்கலாம்’ என்று பொருள். இனேஸ் நல்ல உடுப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டையும் தொடாமல், மாலைவரை ஜன்னலோரம் இருந்தார். மகன் வரவில்லை. வேலை முடிந்தும் ரெமி அக்கா வீட்டுக்குப் போகாமல் அவர் பக்கத்திலேயே இருந்தார். அந்தச் சொல்லுக்கு ஸ்பானியத்தில் ‘நிச்சயம்’ என்று பொருள் என்பதை ஸ்பானியம் தெரிந்த சமையற்காரர் மறுநாள்தான் சொன்னார். ரெமி அக்கா குளியலறைக்குள் போய் அழுதார். பிறகு, இல்லத்து விதிப்படி செய்யக்கூடாது என்று தெரிந்தும், அந்த மகனுக்குத் தானே போன் செய்தார். மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தார். தாய்க்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

இந்த மே மாதம் ஊரில் யுத்தம் முடிந்தது. என் தம்பியும் அவன் மனைவியும் மகளும் முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்தார்கள். மனைவியும் மகளும் செட்டிகுளம் முகாமில் இருப்பதாக ஜூனில் செய்தி வந்தது. தம்பி கடைசி நாட்களில் சனத்துக்குள் பிரிந்துவிட்டானாம். ஒரு தகவலும் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும், “ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ, கட்டாயம் எங்கையாவது இருப்பான்” என்றார்கள். இங்கே ரூஜ் பகுதியில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு நானும் அதையேதான் சொன்னேன்.

ரெமி அக்காவிடமும் கேட்டேன். “என் தம்பி உயிரோடு இருப்பான்தானே?”

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். “சிகூரோ” என்றார். “எங்கள் ஊர்ப் பொருளில் சொல்கிறேன். ஒருவரை ஜன்னலோரம் இருத்தி வைத்தது போதும்.”

எனக்குக் கடுங்கோபம். இரண்டு நாள் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், காணாமற்போனவர்களைத் தேடுவதற்கான விண்ணப்பப் படிவம் ஒன்றைத் தன் மகளைக்கொண்டு அச்சடித்து எடுத்து வந்தார். தம்பியின் உயரம், காலில் இருந்த தழும்பு, கடைசியாகக் கண்டவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். “நிச்சயம் என்றால் சும்மா இருந்துவிடுவீர்கள். இருக்கலாம் என்றால் தேட வேண்டும்” என்றார். பதில் இன்றுவரை வரவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவருடைய வீட்டுக்குச் செபத்துக்குப் போனேன். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துத் தங்கள் நெற்றியில் வைத்தார்கள். பெரியவர்களுக்கு அவர்கள் மரியாதை செய்யும் முறை அது. அதற்கு ‘மானோ’ என்று பெயர், ஸ்பானியத்தில் ‘கை’.

வீட்டுக்கு வந்தேன். அம்மா வழக்கம்போலக் கேட்டார்.

“தம்பி வருவானோடா?”

“தெரியாதம்மா. தேடிக்கொண்டிருக்கிறன்.”

அம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டார்.

“அப்ப நானும் சேர்ந்து தேடுறன். உந்தக் கடுதாசியளிலை என்ரை பேரையும் போடு.”

மே மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அம்மாவும் நானும் தம்பியைப் பற்றி உண்மையாகப் பேசினோம். அப்படிப் பேசும் துணிவு ரெமி அக்கா எனக்குத் தந்துவிட்டுப் போனது. அதை நான் வைத்திருப்பேன்.