முன்வாசலைத் திறந்த முப்பிடாதியம்மாள்

முப்பிடாதியம்மாளை நான் முதலில் பார்த்தது குற்றாலம் தபாலாபீஸ் வாசலில். முப்பத்தொன்பதாம் வருஷம், கார்த்திகை மாதம். மேலகரத்தில் எங்கள் தெருவுக்கு முதல் பி.ஏ. நான்தான். வேலைக்கு மனுப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கையில் தந்தியோடு நின்றிருந்தவள் என் கோட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏ தம்பி, இங்கிலீசு தெரியுமா? இல்ல, கோட்டு மட்டுந்தானா?"

வாங்கிப் படித்தேன். அவள் காவல் பார்த்த பங்களாவின் முதலாளி மதுரையிலிருந்து அடித்திருந்தார். புயல் வருகிறது, எல்லா அறையையும் பூட்டு, யாரையும் உள்ளே விடாதே.

புயல் சேதியைக் காலையிலேயே தமுக்கடித்துச் சொல்லிவிட்டார்கள். சிற்றாற்றங்கரைக் குடிசைக்காரர்கள் கூரை பறக்காமலிருக்கக் கல்லையும் அம்மியையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சீசன் முடிந்ததால் பங்களாக்கள் எல்லாம் காலி.

"யாரையுமா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"அப்ப பதில் தந்தி எழுது. சனங்களை உள்ள விட்டாச்சுன்னு."

"இன்னும் விடலியே?"

"நீ எழுதி முடிக்குததுக்குள்ள விட்டுருவேன்."

புருஷன் செத்தபிறகு அந்தக் காவல் வேலையும் பங்களாவின் பின்னறையும்தான் அவளுக்கு இருந்தவை. இரண்டும் போய்விடும் என்றேன். "ஒன்னைய எழுதத்தானே சொன்னேன்?" என்றாள். எழுதி அனுப்பினேன். நான் படித்த இங்கிலீஷுக்கு அன்றுதான் மரியாதை வந்தது.

கூடவே போனேன். பின்கதவை அல்ல, முன்வாசலைத் திறந்தாள். கரைச் சனங்களையெல்லாம் வரச்சொல்லிக் குரல் கொடுத்தாள். அடுத்த பங்களாத் தோட்டக்காரன் செல்லச்சாமி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கத்தினான்.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? மொதலாளி தோலை உரிச்சிருவாரு!"

"உரிக்கட்டும். நீ அங்கனயே நின்னு ஒன் கூரை பறக்குதத வேடிக்கை பாரு."

இருட்டுமுன் அவனும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

கரைக் குடிசை ஜாஹிரா பீவி இரண்டு ஆடுகளோடு படியில் தயங்கினாள். "ஆட்ட எங்கன கட்ட?"

"குளிக்குத ரூம்புல கட்டு. தொரைமாரு குளிச்ச எடம் ஒன் ஆட்டுக்கு ஆகாதா?"

கீழத்தெருவிலிருந்து பேச்சிமுத்து பெண்டு பிள்ளைகளோடு வந்தபோது ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. "அவுகளும் இதே எடத்துலயா?"

"இதே எடந்தான். பிடிக்காதவுக வெளிய போயி காத்தோட சம்மந்தம் பேசுங்க," என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

அன்றிரவு காற்று அடித்த அடியில் கரைக் குடிசை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆற்றில் வெள்ளம் ஏறி, அம்மியும் கல்லும் போன இடம் தெரியவில்லை. ஆள் ஒருவரும் சாகவில்லை.

வெள்ளம் வடிந்ததும் முதலாளியின் காரியஸ்தர் ஆறுமுகநயினார் புதுப்பூட்டோடு வந்தார். ஜன்னல் கண்ணாடிகள் உடைந்திருந்தன. குளியலறையில் ஆட்டுப் புழுக்கை. அவளைத் தனியே கூப்பிட்டார். ஆனால் வாசலில் நின்ற எங்களுக்கெல்லாம் கேட்டது.

"அந்தத் தந்தி வரவே இல்லேன்னு வச்சுக்கிடுதோம். பூட்டை ஒடைச்சு ஏறிட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. மிச்சத்தைப் போலீசு பாத்துக்கிடும். நீ பாட்டுக்கு இங்கனயே இருக்கலாம்."

பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். பிடித்தால் முதலில் அவனைத்தான் பிடிப்பார்கள்.

அவள் பழைய பூட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஒடைஞ்சிருக்கான்னு நல்லாப் பாருங்க அண்ணாச்சி. சாவி எங்கிட்ட. தொறந்தது நான். கேசு போடணும்னா எம்பேருல போடுங்க. தொணைக்கு இன்னொரு பேரு வேணும்னா, இம்புட்டுப் பெரிய வீட்டக் காலியாப் போட்ட மொதலாளி பேரையும் சேத்துக்கிடுங்க."

"மன்னிப்பாவது கேளு."

"யாருகிட்ட? எதுக்கு?"

கேசு வரவில்லை, வேலை போயிற்று. ஒரு தகரப்பெட்டியோடு, சனங்கள் வந்த முன்வாசல் வழியாகவே இறங்கினாள்.

இப்போது முப்பிடாதியம்மாள் பேச்சிமுத்துவும் மற்றவர்களும் கட்டிக்கொடுத்த குடிசையில், ஆற்றங்கரைக்குச் சற்று மேட்டில் இருக்கிறாள். காலையில் இட்லி சுட்டு விற்கிறாள்.