மூன்று கார்டில் ஒரு மாதா பாட்டு

பங்க் ராக் வாசிப்பவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் மொட்டையடித்து அனுப்பும் என்று எண்பதுகளின் தொடக்கத்துச் சிங்கப்பூரில் மனசார நம்பியவன் நான். நீளமுடி வைத்த ஆண்களை அரசாங்கக் கவுன்டர்களில் கடைசியாகக் கவனித்த காலத்தில் வளர்ந்த மூளை, மிச்சக் கதையைத் தானே எழுதிக்கொண்டது. இத்தனைக்கும் என் தலையில் போலீஸுக்கு அப்போதே அதிக வேலை இருக்கவில்லை.

நான் கிட்டார், தெரிந்தது மூன்றே கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு; நண்பன் டிரம்ஸ். இரண்டு பேரும் கத்துவோம். மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. கேட்டவர்களிடம் அது எங்கள் கொள்கை என்றோம். கிளமெண்டியில் அவன் வீட்டில் பிளாஸ்டிக் வாளிகளை வைத்து ஒத்திகை பார்த்தபோது, மேல்வீட்டு ஆன்ட்டி துடைப்பக்கட்டையால் தரையை இடித்தார்.

"தாளம் சரியா போடுறாங்க. சேத்துக்கலாமா?" என்றான் அவன்.

பிறகு ஜாலான் புசார் பக்கம் அவன் போகும் சர்ச்சில் இடம் கிடைத்தது. பாடகர் குழுவை நடத்திய மாஸ்டர், சனிக்கிழமை அவர்கள் ஒத்திகை முடிந்ததும் குழுவின் டிரம்ஸை எங்களிடம் விடுவார்.

"ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்துச்சுன்னா டிரம்ஸ் ஸ்டோர்ரூமுக்குப் போயிடும் தம்பி."

அது போனால் மறுபடி வாளிதான். வாசலில் காத்திருந்து காத்திருந்தே, விபூதி பூசும் வீட்டுப் பிள்ளையான எனக்கு மாதா பாட்டெல்லாம் மனப்பாடம்.

முதல் மேடையும் அங்கேதான், சர்ச் நிதிக்காக நடந்த ஃபன்ஃபேர் சந்தையில், கறிபாப் பொரித்து விற்கும் கடைக்குப் பக்கத்தில். இரண்டாவது பாட்டின் நடுவில் போலீஸ்காரர் ஒருவர் உள்ளே வந்து மாஸ்டரிடம் ஏதோ சொன்னார். மாஸ்டர் முகம் மாறியது.

"டேய், போலீஸ்," என்று பின்னால் திரும்பிக் கத்தினேன்.

"பாத்தேன். வாசி."

"கம்ப்ளெய்ண்ட் போல."

"நீ வாசிக்கிறதுக்கு நானே குடுப்பேன் லா."

அவன் சிரிக்கிறான், எனக்கு வியர்வையில் கண் தெரியவில்லை. அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, விரல்கள்தான் பொறுப்பு. அவை மாதா பாட்டுக்குத் தாவிவிட்டன. எனக்குத் தெரிந்த மூன்று கார்டே அதற்கும் போதும். வேகத்தை மட்டும் குறைக்க மறந்துவிட்டேன். நண்பன் என்னை ஒருமுறை முறைத்துவிட்டு, இன்னும் ஓங்கி அடித்தான்.

கறிபாப் கடை அக்காக்கள் முதலில் விழித்தார்கள். பிறகு மாவுக் கையோடு தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். எங்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இரண்டாவது சரணத்தில் மூச்சு வாங்கி, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சர்ச் சாமியார் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டைப் பிடித்தபடி காலால் தாளம் போட்டார். பாட்டு முடிந்ததும், "இன்னொரு தடவ, இன்னும் ஃபாஸ்டா," என்று ஓர் அக்கா குரல் கொடுத்தார். வாசித்தோம்.

போலீஸ்காரர் வந்தது, கேட்டை மறித்து நின்ற வேனை எடுக்கச் சொல்ல. வேன் மாஸ்டருடையது. அவர் அதை நிறுத்த இடம் தேடிச் சுற்றிவிட்டுத் திரும்புவதற்குள் நாங்கள் முடித்திருந்தோம். ஒரு வரிகூட அவர் கேட்கவில்லை. புகார் எதுவும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் டிரம்ஸ் எங்களுக்குக் கிடைத்தது.