துரைசாணியின் பீங்கான் மேசை

அப்பா இருந்தார். பங்களாவில் சமையல் அவர். அம்மா இருந்தாள், துணி துவைப்பவள். சித்தப்பா இருந்தார், புல் வெட்டுபவர். நான் இருந்தேன். எட்டு வயது. வேறு யாரும் இல்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். மதியத்துக்குள் வந்துவிடுவார்கள்.

அன்று ஆயுத பூசை. மலாயாவில், மந்தின் ஊருக்கு உள்ளே எங்கள் ரப்பர் தோட்டம். பால்வெட்டுக் கத்தி முதல் லோரி வரை பொட்டு வைத்தாகிவிட்டது. பங்களாவில் அப்பா அரிவாள்மனைக்கும் கத்திகளுக்கும் மட்டும் வைத்தார். சித்தப்பாவுக்கு அது போதவில்லை.

கூடத்தில் துரைசாணியின் மேசை. முழங்கால் உயரம். தேக்குச் சட்டம், மேலே பதித்த நீலப் பீங்கான் கற்கள். அவள் ஊரான டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்தது.

"இதுக்கும் ஒரு சூடம் கொளுத்துவோம் அண்ணே."

"மேசை என்னா ஆயுதமாடா?"

"துரை தெனம் காலு நீட்டி வேல பாக்குறது இதுலதானே லா."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவும் தடுக்கவில்லை. கல்தானே என்று சித்தப்பா தட்டு இல்லாமலே சூடத்தை மேலே வைத்து ஏற்றினார். அணைந்ததும் கரி தெரிந்தது.

"தொடைச்சிடு புள்ள," என்றார் சித்தப்பா.

சூடு ஆறவில்லை. நான் ஈரத்துணியை வைத்தேன். டக்கென்று ஒரு சத்தம். அந்த ஒரு கல் குறுக்கே பிளந்துவிட்டது.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. முன்பு ஒரு ஜாடியை உடைத்த ஆயாவைத் துரை ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

வாசலில் கார் வந்து நின்றது. அப்பா தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து அந்தக் கல்லின் மேல் வைத்தார். கோப்பைகள் கிணுகிணுத்தன. துரைசாணி முதலில் வந்தாள். உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

தட்டு இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"என்னா வாசம் இது?" என்று கேட்டபடி துரை உள்ளே வந்தார். அவருக்குத் தோட்டத்துத் தமிழ் வரும்.

"சாமி கும்பிட்டோம் தொரை," என்றார் அப்பா.

துரைசாணி எழுந்தாள். அலமாரியிலிருந்த அடி அகன்ற பூச்சாடியை எடுத்து அந்தக் கல்லின் மேல் வைத்தாள். தேநீர் ஊற்றினாள். துரை காலை மேசைமேல் நீட்டப் போனார். அவள் ஏதோ சொன்னாள். காலைக் கீழே போட்டுக்கொண்டார்.

பின்கட்டுக்கு வந்ததும் சித்தப்பாவுக்கு வாய் வந்தது. "தப்பிச்சோம் அண்ணே. தொரசாணிக்குக் கண்ணு தெரியல."

"வாய மூடுடா," என்றார் அப்பா.

அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தாள். துரைசாணிக்குக் கண் தெரியவில்லை என்றே அன்று நானும் நம்பினேன்.

அவர்கள் ஊர் திரும்பும்வரை அந்தச் சாடி இடம் மாறவில்லை. பூ மாற்ற என்னைத்தான் கூப்பிடுவாள். சாடியைத் தூக்க மட்டும் விடமாட்டாள். ஏனென்று நான் கேட்டதில்லை. பூவை வைத்துவிட்டுக் கற்களை எண்ணுவேன். மேசையில் இருந்தது பதினெட்டு. கண்ணுக்குத் தெரிந்தது பதினேழு.