வலது தோளில் இரண்டு தட்டு

சிட்னியில் நான் வசிக்கும் புறநகரில், சிக்னல் உள்ள சந்திப்பில் காரைத் திருப்பி வந்த வழியே போக வேண்டுமானால், இங்கே யூ-டர்ன் போடலாம் என்று ஒரு பலகை இருக்க வேண்டும். பலகை இல்லையென்றால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாலை காலியாகக் கிடந்தாலும் திரும்பக் கூடாது. நம் ஊரில் தடுக்கும் பலகை இருக்கிறதா என்று பார்ப்போம். இங்கே அனுமதிக்கும் பலகையைத் தேடுகிறார்கள். எனக்குக் கார் ஓட்டக் கற்றுத்தந்த கிரெக், அறுபதைத் தாண்டியவர், ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் சொல்வார்: கண்ணாடி, இண்டிகேட்டர், பிறகு தலையைத் திருப்பி வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. கண்ணாடியில் விழாத ஓர் இடம் உண்டு, அங்கேதான் ஆபத்து என்பார். எதிரே வருபவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் வழிவிட்ட பிறகே திரும்ப வேண்டும்.

ஒரு நாள் எல்லாம் பார்த்து முடித்தபின் என் விரல்கள் ஸ்டியரிங்கில் இரண்டு முறை தட்டின. "அவசரப்படாதீர்கள்" என்றார் கிரெக். அவசரமில்லை என்றேன். "அப்படியானால் பதற்றம்" என்று அவரே முடிவுகட்டினார். விளக்குவதென்றால் கடலூரிலிருந்து தொடங்க வேண்டும். வகுப்பில் பத்து நிமிடம்தான் மிச்சமிருந்தது.

என் அண்ணனுக்கு வலது காது கேட்காது. சிறுவயதில் சீழ் வைத்துக் கெட்டுப்போனது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். இரண்டு தெரு தள்ளி ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். தினமும் காலையில் அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போவேன். எங்கள் வீடு சிதம்பரம் சாலையின் கிழக்கோரத்தில், செம்மங்குப்பம் தாண்டி. சாலையின் நடுவே தடுப்பு வந்தபிறகு, கடலூர் போக வேண்டுமென்றால் முதலில் சிதம்பரம் பக்கமாக ஒரு கிலோமீட்டர் போய், தடுப்பில் விட்டிருக்கும் இடைவெளியில் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் லாரியும் பஸ்ஸும் வருவது பின்னாலிருந்து, வலது பக்கமாக. அண்ணனுக்குக் கேட்காத பக்கம். அதனால் வலது கையை நீட்டி அசைப்பதும், திரும்பிப் பார்ப்பதும் என் வேலை. ஏதாவது வந்தால் அவர் வலது தோளில் ஒரு தட்டு, நில். சாலை காலியானால் இரண்டு தட்டு, போ. "ஓடாத மிக்ஸியையா தட்டுற? மெல்ல தட்டு பாப்பா" என்பார்.

நான் இங்கே வந்த மறு வருடம் அண்ணி போனில் சொன்னார்: "உங்க அண்ணன் இப்பல்லாம் ராங் சைடுலதான் போறாரு. நான் சொன்னா எங்க கேக்குறாரு? நீ கேளும்மா." வீட்டிலிருந்து கிளம்பி, எதிரே வரும் வண்டிகளை ஒட்டியபடியே சிக்னல் வரைக்கும் போய், அங்கே எல்லாரும் நிற்கும்போது தாண்டிவிடுகிறாராம். செய்தித்தாளில் இருந்தபோது 'எதிர்த்திசையில் வந்த மொபெட்' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்தச் செய்திகளுக்கு நான்கு வரிக்கு மேல் இடம் கொடுத்ததில்லை.

அண்ணனையே கேட்டேன்.

"முன்னாடி வர்றத கண்ணால பாத்துடறேன். பின்னாடி வர்றத யாரு பாக்குறது? நீதான் ஏரோப்ளேன் ஏறிட்டியே."

சட்டப்படியான திருப்பம்தான் அவருக்குப் பயம். தவறான வழியில் குறைந்தபட்சம் எமனின் முகமாவது தெரிகிறது. என்னிடம் இருந்தது கிரெக்கின் வரிசை மட்டும். மிக்ஸிகளை ஏற்றி இறக்கும்போது இடிக்கிறதென்று புது மொபெட்டிலேயே கண்ணாடிகளைக் கழற்றிப் போட்டவர் அண்ணன்.

"ரெண்டு பக்கமும் கண்ணாடி போடுண்ணா. ஓரமா நிறுத்து. தலையத் திருப்பிப் பாரு. வண்டி ஜாஸ்தியா வந்தா எல்லாம் போற வரைக்கும் நில்லு."

"காசு கட்டிக் கத்துக்கிட்டத எனக்கு ஓசியில சொல்றியா?"

"ஆமா. முதல்ல கண்ணாடியப் போடு."

போட்டார். மறு வாரம் இடைவெளிக்கே போய்த் திரும்பத் தொடங்கினார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கண்ணாடி நல்லாத்தான் காட்டுது பாப்பா. ஆனா தட்ட மாட்டேங்குது. ரோடு காலியாத்தான் இருக்கு, நான் பாட்டுக்கு நிக்கிறேன். பின்னால இருக்கவன் ஆரன் அடிச்சானா இல்லியான்னுகூடத் தெரியல."

"நில்லு. நிக்கிறதுல தப்பில்ல" என்றேன். அவருக்குக் கேட்கும் காதில்தான் போனை வைத்திருப்பார். ஆனாலும் சத்தமாகச் சொன்னேன்.

இப்போது எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. பிற்பகல் இரண்டரைக்கு, அனுமதிக்கும் பலகை இருக்கிற ஒரு சந்திப்பில் தினமும் திரும்புகிறேன். கடலூரில் அது காலை, அண்ணன் கடைக்குக் கிளம்பும் நேரம். கண்ணாடி பார்க்கிறேன். இண்டிகேட்டர் போடுகிறேன். வலது தோளுக்கு மேல் பார்க்கிறேன். பின் சீட்டில் யாருமில்லை, சாலையிலும் யாருமில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு முறை தட்டிவிட்டுத் திரும்புகிறேன். அங்கே அந்த இடைவெளிக்கருகே அவர் இன்னும் நின்றுகொண்டிருப்பார்.